உங்களால் மட்டுமே திறக்க முடியும்

வரவேற்பு மேசையில் புதிதாக நிற்கப் போகும் தம்பி தங்கச்சிகளே, சிரிப்பது எப்படி, சாவியை நீட்டுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்களுக்கு வகுப்பு இருக்கிறது, டை கட்டிய ஐயாமார் இருக்கிறார்கள். நான் பேசப் போவது அறை அலுமாரிக்குள் இருக்கிற அந்தச் சின்ன இரும்புப் பெட்டியைப் பற்றி. ‘சேப்’ என்று நாமெல்லாம் சொல்வோமே, அதைப் பற்றி. வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களிடம் அதைத்தான் கேட்பார்கள். பெறுமதியான சாமானை அதில் வைக்கலாமா, நம்பலாமா என்று.

கண்டியில் ஏரிக்கு மேலே சரிவில் இருந்த ஒரு ஹோட்டலில் தலை நரைக்கும் வரை வேலை செய்தவள் நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஆனால் வேலைக்கு ஒசரி கட்ட வேண்டும் என்பது ஹோட்டல் சட்டம். சிங்களப் பெண்கள் கட்டுகிற அந்தக் கண்டிச் சேலையில் கொண்டை போட்டு நின்றால் என் சொந்தச் சித்திக்கே என்னை அடையாளம் தெரியாது. அந்தச் சேலை எனக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டிக்குள் மனிதர்கள் என்னென்ன வைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஜெர்மன்காரர் தன் பொய்ப்பல்லை வைத்துப் பூட்டிவிட்டு எண்ணை மறந்துபோனார். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே வர வெட்கப்பட்டு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கைச்சாடையில் எங்களிடம் கெஞ்சினார். தேனிலவுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை சிகரட் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார். இப்படி யாராவது மாட்டிக்கொண்டால் எங்கள் முகாமையாளர் நேரே வருவார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் பெட்டி திறந்திருக்கும். அவரிடம் ஏதோ பெரிய இரகசிய எண் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் பயபக்தியோடு நம்பினோம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஆங்கிலத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ‘உங்கள் எண்ணை நீங்களே தெரிவுசெய்யுங்கள், உங்களால் மட்டுமே திறக்க முடியும்’ என்று அதில் இருந்தது. அந்த வசனத்தை நானும் ஒப்புவிப்பேன். அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

சமாதானம் பேசியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடியும் சண்டைக்குப் போன காலம் அது. ஊரெங்கும் சோதனைச் சாவடி. தமிழராய்ப் பிறந்தவர்களுக்கு ஐசி, அதுதான் தேசிய அடையாள அட்டை, மூச்சு மாதிரி ஆகிவிட்டது. குப்பை கொட்ட வெளியே போனாலும் கையோடு கொண்டு போவோம். அந்தப் பழக்கம் இருந்தும் ஒருவர் அதை மறந்து போனார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் மறக்கவும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அவர் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு இருபத்தைந்து இருக்கலாம். இரண்டு பேரின் செருப்பையும் பையையும் பார்த்தால், எங்கள் ஹோட்டல் வாடகை அவர்களுக்கு எட்டாது என்று தெரிந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவான லொட்ஜ்கள் இருக்கின்றனவே என்று நான் மனதுக்குள் நினைத்தேன். பெரியவர் வாடகையைக் கேட்கவில்லை, வெந்நீர் வருமா என்று கேட்கவில்லை. ரூமில் சேப் இருக்கோ என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது என்றேன். வேறு ஆராலும் திறக்க ஏலாதோ என்று கேட்டார். வழக்கம் போல என் வசனத்தைச் சொன்னேன். அறைக்குப் போனதும் மகளிடம் அந்த அட்டையைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம், அதுவும் இரண்டு தரம்.

எதற்காகக் கண்டிக்கு வந்தீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். பேராதனைப் பூந்தோட்டம் பார்க்க என்றார். பூப் பார்க்கப் போகிறவரின் முகம் அது இல்லை. மகளின் கையில் இரண்டு காப்பும் கழுத்தில் சங்கிலியும் இருந்தன. அடுத்த நாள் காலையிலும் அவை கையிலும் கழுத்திலும்தான் இருந்தன. நகையைப் பெட்டியில் வைக்காதவர்கள் வேறு எதை வைத்திருப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு வேலை வந்து அதை மறந்துவிட்டேன்.

அன்று முகாமையாளர் கொழும்புக்குப் போயிருந்தார். பொறுப்பு என் தலையில். பெரியவர் படியிறங்கி வந்து, மகளுக்குத் தலையிடி, முன்கடையில் பனடோல் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் கடையின் சோடாப் போத்தல்கள் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடைக்கார நானா மூச்சு வாங்க எங்கள் படியேறி வந்தார்.

“தங்கச்சி, ஒங்கட ஹோட்டல்ல நிக்கிற வயசாளிய ஜீப்புல ஏத்திட்டாங்க. ஐசியக் கேட்டிருக்காங்க, மனிசன் ஹோட்டல்ல இருக்குன்னு கையக் காட்டினாரு. அவங்க எங்க கேக்கிறாங்க?”

ஐசி இல்லாமலா ஒரு யாழ்ப்பாணத்து ஆள் ரோட்டைக் கடந்தார் என்று நம்ப முடியவில்லை. காரணத்தை மகள் பிறகு சொன்னாள். அறையைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தது. வேறு ஆள் நிற்கும்போது அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டாராம். முன்கடைதானே, போய்வந்துவிடலாம் என்று வெறுங்கையோடு இறங்கிவிட்டார். பாருங்கள், பூட்டி வைத்த சாமான் கள்ளனுக்கு மட்டும் எட்டாமல் போவதில்லை. தேவைப்படும் நேரத்தில் உங்களுக்கும் எட்டாமல் போய்விடும்.

மகளுக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டுப் பொலிசுக்கு ஓடினேன். பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஐசியைக் காட்டுங்கள், ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பின்னேரம் லொறி வரும், அட்டை இல்லாதவர்கள் எல்லோரும் கொழும்புக்கு விசாரணைக்குப் போவார்கள், அதற்குப் பிறகு என்னிடம் கேட்டுப் பயனில்லை என்றார். அந்த லொறியில் ஏறியவர்களில் சிலர் இரண்டு நாளில் வந்தார்கள், சிலர் இரண்டு வருடத்தில் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

பெரியவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பனடோல் அட்டை இன்னும் கையில் இருந்தது. அவர் வந்ததும் சேப்பைக் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. நான் குனிந்து, ஐயா, ஐசி பெட்டிக்குள்ளதானே, நம்பரச் சொல்லுங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வாறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற கொன்ஸ்டபிளைப் பார்த்தார்.

“மறந்து போச்சு, பிள்ளை,” என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வாழ்நாளெல்லாம் தந்தியும் மணியோடரும் பார்த்த மனிதர், நேற்றுப் போட்ட எண்ணை மறந்தாராம். உயிர் போகிற நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று மனதுக்குள் திட்டினேன். பொறுப்பதிகாரிக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. எண் தெரியாத பெட்டிக்குள் அட்டை இருக்கிறது என்பதை அவர் நம்பவில்லை. கொன்ஸ்டபிளும் கூட வருவார், அவர் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று என்னையும் கொன்ஸ்டபிளையும் ஜீப்பில் அனுப்பினார்.

ஹோட்டலுக்கு வந்ததும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். விருந்தாளி இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம், ஆனால் விருந்தாளி பொலிசில் இருக்கிறார், என்ன செய்ய என்று முகாமையாளரிடம் கேட்டேன். திற என்றார். உங்களுடைய இரகசிய எண் வேண்டுமே என்றேன். அவர் சிரித்தார். ஆறு சைபர் என்றார்.

விளங்கவில்லை என்று மறுபடி கேட்டேன். சைபரை ஆறு தரம் அழுத்து, கொம்பனியிலிருந்து அப்படித்தான் வந்தது, இத்தனை அறைக்கும் யார் மாற்றிக்கொண்டிருப்பது என்றார். இத்தனை காலம் மனிதர்களின் கடவுச்சீட்டையும் தாலியையும் காசையும் காத்து நின்றது இதுதானா? சும்மா விளையாட்டுக்குச் சைபரை ஆறு தரம் அழுத்துகிற ஒரு சின்னப் பிள்ளைக்குக் கூட அந்த ஹோட்டலில் எல்லாப் பெட்டியும் திறந்திருக்கும்.

கொன்ஸ்டபிளோடு மேலே போனேன். கதவைத் திறந்த மகள், நான் வாய் திறக்கும் முன்பே, எனக்கு நம்பர் தெரியாது அக்கா என்றாள். அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். தகப்பனும் தெரியாது என்கிறார், மகளும் தெரியாது என்கிறாள். பரவாயில்லை தங்கச்சி, எங்ககிட்ட ஒரு நம்பர் இருக்கு, அத அடிச்சா திறக்கும் என்றேன்.

அவள் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துபோனது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போன்ற சாதாரணக் குரலில், கொன்ஸ்டபிளைப் பார்க்காமல் சொன்னாள்:

“அக்கா, அப்பாட ஐசி மட்டும் இல்லை உள்ளுக்கை. தம்பியின்ரயும் கிடக்கு.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கூட இல்லாத ஒரு பெடியனின் அடையாள அட்டை தகப்பனின் பெட்டியில் இருந்தால், அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மகன் எங்கே, அட்டையை யாருக்குக் கொடுக்கக் கொண்டு வந்தாய் என்று தொடங்கி, லொறி வரைக்கும் போகும். மகளையும் சேர்த்து ஏற்றுவார்கள். பெரியவர் எதையும் மறக்கவில்லை. கொன்ஸ்டபிள் வந்து இதைப் பார்ப்பதை விட லொறியில் ஏறலாம் என்று முடிவெடுத்திருந்தார்.

திறக்காவிட்டால் தகப்பன் போய்விடுவார், திறந்தால் எல்லோரும் போய்விடுவோம். யோசிக்க நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. என் கண்ணில் பட்டது கட்டிலில் கிடந்த மகளின் துணிகள். நான் கொன்ஸ்டபிள் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், பிள்ளையின் உள்ளாடையெல்லாம் அலுமாரியில் கிடக்கிறது மாத்தயா, அவள் வெட்கப்படுகிறாள், நான் ஒதுக்கும் வரை கொஞ்சம் கதவுக்கு வெளியே நில்லுங்கள் என்றேன். அவனும் யார் வீட்டுப் பிள்ளையோ, சின்ன வயது. காது சிவந்துபோய் வெளியே போனான். கதவைப் பாதி சாத்தினேன்.

சைபரை ஆறு தரம் அழுத்தினேன். அது திறந்துகொண்டது. ஒரு சின்னப் பொலித்தீன் பை, அதற்குள் இரண்டு அட்டை, ரப்பர் வளையம் போட்டிருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. தகப்பனின் அட்டையை எடுத்தேன். மற்றதில் அரும்பு மீசையோடு ஒரு பெடியன், தகப்பனின் அதே கண். மகள் அதற்குக் கை நீட்டினாள். அவளைச் சோதித்தால் முடிந்தது என்று நினைத்தேன். இன்றைக்கும் ஏன் செய்தேன் என்று தெரியாது, அந்த அட்டையை என் ஒசரியின் கொசுவத்துக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கொன்ஸ்டபிள் உள்ளே வந்து பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். இந்த ஒரு அட்டையையா மனிதன் பூட்டி வைத்தான் என்று கேட்டான். அந்த மனிதரிடம் வேறு என்னதான் இருக்கிறது என்றேன். அவன் தலையாட்டினான். அத்தோடு அது முடிந்தது என்று நினைத்தால், நீங்களும் வாருங்கள் மிஸ், ஹோட்டல் சார்பில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டான்.

இடுப்பில் அந்தப் பெடியனின் அட்டையோடு நான் மறுபடி பொலிசுக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் பொலிஸ் எல்லோரையும் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் போன தோட்டத்துப் பெண்ணைத் தலைமுடி வரை அவிழ்த்துப் பார்த்தாள். என் பைக்குள் மட்டும் எட்டிப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், போங்க நங்கி என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிச் சிரித்து விட்டுவிட்டாள். அந்தத் தோட்டத்துப் பெண் நானாக இருந்திருக்கலாம். ஒசரியைக் கழற்றினால் நானும் அவளும் ஒன்றுதான். அந்தச் சிரிப்பு எனக்கு அறைந்தது போல இருந்தது, ஆனாலும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

பொறுப்பதிகாரி அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். பெரியவரின் ஊரைக் கேட்டார், வேலையைக் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். ஒவ்வொரு தரம் நான் அசையும்போதும் அட்டையின் விளிம்பு இடுப்பில் குத்தியது. அது நழுவித் தரையில் விழுந்தால் என்ன என்று நினைத்து நினைத்தே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது. கடைசியில், இனி அட்டை இல்லாமல் வெளியே வராதே என்று சொல்லிப் பெரியவரை விட்டார்கள். நாங்கள் படியிறங்கும்போது லொறி உள்ளே வந்துகொண்டிருந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நான் அந்த அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று பார்த்தால், பெட்டியை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்டிக் கதவைப் பூட்டிவிட்டு, எங்கே காட்டுங்கோ என்றார். சைபரை ஆறு தரம் அழுத்திக் காட்டினேன். அவர் மறுபடி தன் எண்ணைப் போட்டுப் பூட்டி, தானே ஆறு சைபரை அழுத்திப் பார்த்தார். திறந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“உந்தப் பெட்டிக்காகத்தான் பிள்ளை இஞ்ச வந்தனான்,” என்றார். “லொட்ஜில நிண்டா இரவில வந்து பையைக் கொட்டிப் பாப்பாங்கள். பெரிய ஹோட்டலில ஆளாளுக்குப் பெட்டி இருக்கு, வேற ஆரும் திறக்க ஏலாது எண்டு சொன்னாங்கள்.”

மகனைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவன் திரும்பவில்லை. அட்டை தலையணைக்குக் கீழே கிடந்தது. கண்டி மறியலில், அதுதான் சிறையில், அந்தப் பெயரில் ஒரு பெடியன் இருக்கிறான் என்று யாரோ சொன்ன சொல்லை நம்பித்தான் தகப்பனும் மகளும் வந்திருந்தார்கள். அவனைக் கண்டால் அவன்தான் என்று நிரூபிக்க அந்த அட்டை வேண்டும். அதை எவனாவது பறித்துக்கொண்டால், மகன் என்று ஒருவன் இருந்ததற்கே தன்னிடம் சாட்சி இல்லை என்றார். தன் அட்டையை அதோடு சேர்த்துக் கட்டி வைத்தது ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஒரு வழக்கறிஞரோடு மறியலுக்குப் போய் வந்தார்கள். மகள் நேரே மேலே போய்விட்டாள். பெரியவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அவன் இல்லை, பிள்ளை. பேர் மட்டும்தான் ஒண்டு. வேற ஆரோ பெத்த பெடியன். கொண்டு போன பிஸ்கட்டை அவனுக்குக் குடுத்திட்டு வந்தனான்.”

நான் மேசைக்குப் பின்னாலேயே அழுதேன். ஹோட்டல் சட்டத்தில் அதற்கு இடமில்லை, அழுதேன்.

பெட்டியை நம்பலாமா என்று கேட்டால் இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? கமராவை வைக்கலாம், காசை வைக்கலாம், போனால் திரும்ப வாங்கக் கூடியதை வைக்கலாம் என்று சொல்லுங்கள். வழியில் வருகிற கள்ளனுக்கு அது பூட்டு, ஹோட்டலுக்கு அது பூட்டே இல்லை என்பதையும் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தத் தலைமை எண்ணை மாற்றினார்களா என்று மேலிடத்தில் கேளுங்கள், முகம் சுளித்தாலும் கேளுங்கள். நான் முகாமையாளரோடு சண்டை பிடித்து எங்கள் ஹோட்டலில் அதை மாற்ற வைத்தேன். பெட்டிகளுக்கு மேலே அந்த வசனத்தோடு ஒட்டியிருந்த அட்டைகளை என் கையாலேயே உரித்தேன். ஆனால் அதெல்லாம் அவர்கள் போன பிறகு.

அவர்கள் கொழும்பு ரயிலுக்குப் புறப்பட்ட அன்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு நீங்களாவது சொல்லுங்கோ அக்கா என்றாள். பெரியவரின் சேர்ட் பொக்கற் புடைத்திருந்தது. இரண்டு அட்டையையும் ஒன்றாய்க் கட்டி அங்கே வைத்திருந்தார், தன்னுடையது முன்னால், மகனுடையது பின்னால். ஸ்ரேசன் வாசலில் செக்கிங் இருக்கிறது, கடுகண்ணாவை ஸ்ரேசனைத் தாண்டினால் ரயிலுக்குள்ளும் ஏறிப் பார்ப்பார்கள். ஒன்றை எடுக்கும்போது மற்றதும் சேர்ந்து வரும். ஐயா, தங்கச்சியின் பைக்குள் துணிக்கு நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் என்னிடம் தாருங்கள், நான் பத்திரமாக அனுப்பி வைக்கிறேன் என்று கெஞ்சினேன்.

அவர் பொக்கற் மேல் கையை வைத்தார்.

“இனி ஒரு பெட்டியிலயும் வைக்க மாட்டன். என்னோடயே இருக்கட்டும். பிடிச்சா ரெண்டு பேரையும் ஒண்டாப் பிடிக்கட்டும்.”

மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் மேலே போய் அவர்களுடைய அறையைப் பார்த்தேன். பெட்டியின் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.